மாரத்தான் பயிற்சிக்குள் யோகாவும் தியானமும்: எதை எந்த நாளில் செய்வது, எதை விடுவது

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கு 16 வாரம் தயாராகிறவர்களுக்கான வழிகாட்டி இது. செப்டம்பர் நடுவில் தொடங்க வேண்டியிருக்கும். நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓட முடிகிறவர், 42.195 கிலோமீட்டருக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்கிறோம். அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் லாங் ரன் (வாரத்தின் மிக நீண்ட ஓட்டம்) தூரத்தைப் பாதியாக்கிக்கொண்டால் போதும், மற்ற வரிசை மாறாது.

புதியவர்கள் பெரும்பாலும் ஆசனத்தைச் சரியாகத்தான் செய்கிறார்கள். செய்கிற நாளும் நேரமும்தான் தப்பிப்போகின்றன. வாரம் நான்கு ஓட்டம், அதற்கு மேல் மூன்று மாலை யோகா வகுப்பு, ஓய்வு நாளே கிடையாது. ஆறாவது வாரம் புட்டத்துக்கு அடியில் வலி வந்துவிடும். ஆகவே ஆசனங்களுக்கு முன்பு வார அட்டவணையைப் பேசியாக வேண்டும்.

1. தொடங்கும் முன்

பொருட்கள் அதிகம் வேண்டாம். முட்டி ஊன்றும்போது உறுத்தாத 6 மி.மீ. விரிப்பு ஒன்று, நீளமான பருத்தித் துண்டு ஒன்று, தடித்த புத்தகங்கள் இரண்டு, காலைத் தூக்கிச் சாய்க்க ஒரு வெறும் சுவர். கடையில் விற்கும் பட்டையும் கட்டைகளும் செய்கிற வேலையைத் துண்டும் புத்தகமும் செய்துவிடும்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு நோய், கண் அழுத்த நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கபாலபாதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது), பஸ்திரிகா (உள்ளேயும் வெளியேயும் வேகமாக மூச்சு விடுவது), தலைகீழ் ஆசனங்கள் மூன்றையும் தொட வேண்டாம். 40 வயதைத் தாண்டி முதல்முறையாக மாரத்தானுக்குப் போகிறவர்கள் இதயப் பரிசோதனையை முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் வாரம் ஒவ்வொரு நாளும் எழுந்த உடனே, படுக்கையிலிருந்து இறங்கும் முன், ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். ஏழு நாள் சராசரிதான் உங்கள் அடிப்படை எண். பின்னால் பயிற்சி மிஞ்சிப் போகிறதா என்று பார்க்க இது தேவைப்படும். பாதியில் எழுதத் தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

2. வாரத்தை முதலில் வரைந்துகொள்ளுங்கள்

விதி ஒன்றுதான்: கடினமான நாளை முழுக்கக் கடினமாக்குங்கள், எளிய நாளை எளிதாகவே விடுங்கள். கால்களுக்கு வேலை கொடுக்கும் யோகாவும் உடலின் கணக்கில் ஒரு சுமைதான். அதை ஓய்வு நாளில் வைத்தால் அந்த நாள் ஓய்வு நாளாக இருக்காது.

திங்கள்: ஓட்டமில்லை. மாலையில் 15 நிமிடம் இலகுவான ஆசனங்கள், பிறகு 25 நிமிடம் யோக நித்திரை (எப்படி என்பது 11-ஆம் பகுதியில்).

செவ்வாய்: காலையில் இன்டர்வல் (வேகமாக ஓடி, நடுவில் இளைப்பாறி, மறுபடி ஓடுவது) அல்லது டெம்போ (கடினமான, ஆனால் ஒரே சீரான வேகத்தில் ஓடுவது). அன்று மாலையே 40 நிமிட வலு யோகா. காலை ஓட்டத்துக்கும் இதற்கும் இடையில் பத்து மணி நேரமாவது இருக்கட்டும்.

புதன்: ஓட்டமும் இல்லை, ஆசனமும் இல்லை. 10 நிமிடம் உட்கார்ந்து தியானம் மட்டும். செவ்வாய் இரண்டு சுமையையும் ஒரே நாளில் ஏற்றியது இந்த நாளைக் காலியாக வைக்கத்தான்.

வியாழன்: 8 முதல் 12 கி.மீ. ஈஸி ரன் (பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்), முடிந்ததும் 15 நிமிட நீட்சி. மாலையில் பிராணாயாமம்.

வெள்ளி: ஓய்வு. படுத்தபடி உடலைக் கவனிக்கும் பயிற்சி 15 நிமிடம்.

சனி: 4 முதல் 6 கி.மீ. மெதுவான ஓட்டம். சுவரில் கால் தூக்கி ஐந்து நிமிடம். அதோடு சரி.

ஞாயிறு: லாங் ரன்.

இதில் அதிகம் உடைவது சனிக்கிழமை. பெரும்பாலான யோகா வகுப்புகள் வார இறுதியில்தான் நடக்கின்றன. சனி காலை ஒன்றரை மணி நேரம் வீரபத்ராசனத்தில் நின்றுவிட்டு ஞாயிறு 26 கி.மீ. போனால், 18-வது கிலோமீட்டரிலேயே தொடை கனக்கும். 'இன்றைக்கு ஸ்டாமினா இல்லை' என்று தோன்றும், ஆனால் காரணம் நேற்றைய வகுப்பு. வேறு நாள் கிடைக்காதென்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு நின்று செய்யும் ஆசனங்களில் பாதியை விட்டுவிடுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

3. ஓடுவதற்கு முன்: எட்டு நிமிடம், எதையும் பிடித்து நிறுத்தாமல்

ஓட்டத்துக்கு முன் பஸ்சிமோத்தானாசனத்தில் (காலை நீட்டி உட்கார்ந்து குனிவது) இரண்டு நிமிடம் குனிந்திருப்பது பழைய பழக்கம். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வைத்தால் அது தற்காலிகமாகத் தன் விசையில் கொஞ்சம் இழக்கிறது. உதைத்துக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அந்த இழப்பு வேண்டாம். அசைந்துகொண்டே இருக்கும் பயிற்சிகள் தசையைச் சூடாக்கும், விசையைக் குறைக்காது.

இரண்டு நிமிடம் வேகமாக நடங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்பின்னாக 12 முறை, பக்கவாட்டில் 12 முறை வீசுங்கள். அகலமாக அடி வைத்து முட்டியை மடக்கி இறங்கி எழுந்தபடி பத்து அடி நடங்கள். குதிகாலை 15 முறை உயர்த்தி இறக்குங்கள். தோப்புக்கரணம் பத்து, காதைப் பிடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். வீட்டிலிருந்து கிளம்புவதானால் சூரிய நமஸ்காரம் இரண்டு சுற்று சேர்க்கலாம், ஒவ்வொரு நிலையிலும் ஒரு மூச்சுக்கு மேல் நிற்காமல்.

மெரினா நடைபாதையில் விடியற்காலை நாலரைக்கு யாரும் விரிப்பு விரிக்கப் போவதில்லை. அதனால்தான் இந்த வரிசை முழுக்க நின்றபடியே முடிகிறது.

முதல் கிலோமீட்டரை உங்கள் வழக்கமான வேகத்தைவிட 45 முதல் 60 விநாடி மெதுவாக ஓடுங்கள். உண்மையான வார்ம் அப் அதுதான்.

4. ஓடும்போது மூச்சு

ஈஸி ரன்னில் மூக்கு வழியாக மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். வாய் தானாகத் திறந்துகொண்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கடிகாரம் இல்லாமலே கிடைக்கும் பிரேக் இது. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்பதும் இதே சோதனைதான். ஈஸி ரன்னை வேகமாக ஓடிக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

இதே மூக்கு மூச்சை இன்டர்வலுக்கும் நீட்டிக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த வேகத்துக்குத் தேவையான காற்று மூக்கு வழியாக மட்டும் போகாது. வாயையும் சேர்த்துத் திறந்து மூச்சு விடுங்கள்.

அடிகளோடு மூச்சைச் சேர்க்க விரும்பினால், ஈஸி ரன்னில் மூன்று அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறவருக்கு இது 34 மூச்சு. டெம்போவில் இரண்டுக்கு இரண்டு, அதாவது 42 மூச்சுக்குக் கொஞ்சம் மேல். இதனால் காயமே வராது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி உங்களை வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். தாளம் கிடைக்கிறது, அந்தத் தாளம் கலைவதை வைத்து மேடும் எதிர்காற்றும் எவ்வளவு இழுக்கின்றன என்று தெரிகிறது. அதுவே போதுமான பயன்.

விலாவில் பிடித்துக்கொண்டால் நடைக்கு மாறி, பிடித்த இடத்தை விரல்களால் அழுத்தி, உதடு குவித்து நீளமாக ஊதி வெளியே விடுங்கள். ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் தளரும். அடிக்கடி வந்தால் தண்ணீரை மடக் மடக்கென்று ஒரேயடியாகக் குடிக்கிறீர்களா என்று பாருங்கள்.

5. ஓடி முடித்ததும்: பதினைந்து நிமிடம்

சட்டென்று உட்கார வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விரிப்புக்கு வர வேண்டும்.

கெண்டைக்கால்: சுவரில் கை ஊன்றி, பின்காலின் முட்டியை நீட்டி 45 விநாடி, அதே முட்டியை லேசாக மடக்கி 45 விநாடி. இரண்டும் வேறு வேறு தசைகளுக்கு. மடக்கிய நிலையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் அதிகம் உழைக்கும் ஆழத்துத் தசைக்கு நீட்சி கிடைப்பது அந்த நிலையில்தான்.

இடுப்பின் முன்பக்கம்: ஆஞ்சநேயாசனம் (ஒரு காலை முன்னே மடக்கி வைத்து, பின்முட்டியைத் தரையில் ஊன்றுவது), பக்கத்துக்கு 45 விநாடி. பின்முட்டியை ஊன்றியதும் முதலில் வால் எலும்பை உள்ளே சுருட்டுங்கள். பிறகே முன்னால் நகருங்கள். பலரும் இடுப்பை அப்படியே முன்னே சரித்துவிடுவதால் கீழ்முதுகு வளைகிறதே தவிர இடுப்பு நீள்வதில்லை. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்கிறவர்களுக்கு இந்த வரிசையிலேயே இதுதான் முக்கியம்.

தொடைப் பின்தசை: மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைக் கோத்து அந்தக் காலை மேலே இழுக்கும் சுப்த பாதாங்குஷ்டாசனம், பக்கத்துக்கு 60 விநாடி. முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். நின்று குனிவதைவிட இது பாதுகாப்பு, ஏனென்றால் எவ்வளவு இழுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

புட்டத் தசை: மல்லாந்தபடியே ஒரு கணுக்காலை மற்ற முட்டியின்மேல் வைத்து, அந்தத் தொடையை மார்பை நோக்கி இழுங்கள், 60 விநாடி.

கடைசியாக விபரீத கரணி, இடுப்பைத் தரையிலேயே வைத்து, கால் மட்டும் சுவரில், ஐந்து நிமிடம். காலில் இறங்கித் தேங்கிய நீர் திரும்பி வரும், நீங்களும் ஐந்து நிமிடம் சும்மா கிடப்பீர்கள். 'லாக்டிக் அமிலம் வெளியேறும்' என்பதற்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. லாக்டேட் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே வழக்கமான அளவுக்கு வந்துவிடும்.

இந்த நீட்சியால் மறுநாள் தசைவலி பெரிதாகக் குறையப்போவதில்லை. மூட்டின் அசைவு சுருங்காமல் இருக்கவும், இடதுக்கும் வலதுக்கும் என்ன வேறுபாடு என்று தினமும் பார்க்கவும்தான் செய்கிறோம். நேற்று இல்லாத இறுக்கம் இன்று ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அந்தச் செய்தி வலியாக மாறுவதற்கு முன்பே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

25 கி.மீ.க்கு மேல் ஓடிய நாளில் விபரீத கரணி மட்டும் போதும். நுண்ணிய சிதைவுகளோடு இருக்கும் தசையை இழுத்து எந்த லாபமும் இல்லை.

6. செவ்வாய் மாலை: வலு யோகா, 40 நிமிடம்

ஓட்டம் என்பது ஒற்றைக் காலிலிருந்து ஒற்றைக் காலுக்குத் தாவுவது. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை ஒரு காலில் இறங்குகிறது. ஆகவே இந்த வகுப்பில் ஒற்றைக் கால் நிலைகளுக்குத்தான் பெரும் பங்கு.

சூரிய நமஸ்காரம் நான்கு சுற்று. உத்கடாசனம் (நாற்காலியில் உட்கார்வதுபோல் முட்டியை மடக்கி நிற்பது) ஐந்து மூச்சு, மூன்று முறை. வீரபத்ராசனம் இரண்டாம் நிலை (கால்களை அகட்டி, முன்முட்டியை மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்பது), பக்கத்துக்கு எட்டு மூச்சு. முன்முட்டி உள்பக்கம் சரியாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும். களைப்பில் முட்டி உள்ளே சரிவதுதான் 35-வது கிலோமீட்டரில் உங்களுக்கு நடக்கப்போவது. அதை இங்கேயே திருத்துங்கள்.

வீரபத்ராசனம் மூன்றாம் நிலை (ஒற்றைக் காலில் நின்று, உடலை முன்னாலும் மறு காலைப் பின்னாலும் நீட்டுவது), ஐந்து மூச்சு, பக்கத்துக்கு இரண்டு முறை. எல்லா ஆசனங்களிலும் ஓட்டத்துக்கு மிக நெருங்கியது இதுதான். விரல்நுனி சுவரைத் தொட்டிருக்கட்டும். தூக்கிய காலின் பக்க இடுப்பு மேலே திறந்துகொள்ளாமல் இரண்டு இடுப்பெலும்பும் தரையைப் பார்க்க வேண்டும். கால் எவ்வளவு உயரம் போகிறது என்பது முக்கியமில்லை.

விருட்சாசனம் (மரம்போல் ஒற்றைக் காலில் நிற்பது) வெறுங்காலில் 45 விநாடி. பாதத்தைத் தொடையிலோ கெண்டைக்காலிலோ வையுங்கள், முட்டியின்மேல் ஒருபோதும் வேண்டாம். ஐந்தாவது வாரத்திலிருந்து கண்ணை மூடிப் பாருங்கள். கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். இருட்டில், மழை அரித்த சாலையில் ஓடுகிறவர்களுக்கு அவை தேவை.

சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது) பத்து முறை ஏறி இறங்கி, பிறகு ஒற்றைக் காலில் ஆறு ஆறு. சலபாசனம் (குப்புறப் படுத்துக் கால்களையும் மார்பையும் தூக்குவது) ஐந்து மூச்சு, நான்கு முறை. பலகாசனம் (பலகைபோல் உடலை நேராகத் தாங்குவது) 45 விநாடி, வசிஷ்டாசனம் (ஒரு கையில் ஊன்றிப் பக்கவாட்டில் தாங்குவது) பக்கத்துக்கு 20 விநாடி.

ஆசனங்களால் முடியாத ஒன்றும் உண்டு. குதிகால் நாணுக்கு (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைப்பது) வேண்டிய சுமை எந்த ஆசனத்திலும் கிடைக்காது. படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி, இன்னும் மெதுவாக இறக்குங்கள், 12 முறை, மூன்று சுற்று. பிறகு ஐந்து நிமிடம் சவாசனம்.

7. எங்கே அடிபடுகிறது, ஏன்

மற்ற எதைவிடவும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது புட்டத்தின் அடியில், உட்காரும் எலும்பை ஒட்டி வரும் வலி. கடினமான நாற்காலியில் உட்கார்ந்தால் குத்தும், குனிந்தால் இழுக்கும், வேகத்தைக் கூட்டினால் பிடிக்கும். 'தசை இறுகிவிட்டது' என்று எண்ணி இன்னும் ஆழமாகக் குனிவார்கள். அங்கே இருப்பது தொடைப் பின்தசையின் நாண். ஆழமாகக் குனியும்போது அது எலும்போடு நசுங்குகிறது. நீட்ட நீட்ட மோசமாகும்.

இந்த வலி தோன்றியதும் உத்தானாசனம் (நின்று குனிவது), பஸ்சிமோத்தானாசனம், காலை நீட்டிக் குனியும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சூரிய நமஸ்காரத்தில் முட்டியை மடக்கியே குனியுங்கள். நீட்சிக்குப் பதிலாகச் சேதுபந்தாசனத்தில் அசையாமல் 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். நாண் ஆற மாதங்கள் ஆகும், தள்ளிப்போட்டால் ஜனவரி கைவிட்டுப் போய்விடும்.

அடுத்தது முட்டி. பத்மாசனத்திலும் புறா ஆசனத்திலும் (ஒரு காலை முன்னே மடித்து, மற்றதைப் பின்னே நீட்டுவது) சுழல வேண்டியது இடுப்பு மூட்டு. ஓடி ஓடி இறுகிய இடுப்பு சுழல மறுத்தால் அந்தத் திருப்பத்தை முட்டி வாங்கிக்கொள்கிறது. முட்டிக்கு அந்த வேலை தெரியாது. பயிற்சிக் காலம் முழுவதும் புறாவுக்குப் பதில் ஐந்தாம் பகுதியில் புட்டத் தசைக்குச் சொன்ன, மல்லாந்து செய்யும் வடிவமே போதும். தியானத்துக்குச் சுகாசனம் (சாதாரணச் சம்மணம்), மடித்த போர்வையின்மேல். அதுவும் முடியாவிட்டால் நாற்காலி, யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. வஜ்ராசனத்தில் (முட்டி மடக்கிக் குதிகாலின்மேல் உட்கார்வது) முட்டி வலித்தால் முட்டிக்குப் பின்னால் சுருட்டிய துண்டை வையுங்கள். லாங் ரன் அன்று வஜ்ராசனமே வேண்டாம்.

குதிகால் எலும்பில் நாண் ஒட்டுமிடத்தில் வலி இருந்தால், அதோமுக ஸ்வானாசனத்தில் (கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் நிலை) குதிகாலைத் தரையில் அழுத்தப் பார்க்காதீர்கள். அழுத்த அழுத்த நாண் எலும்போடு உரசும். படிக்கட்டுப் பயிற்சியையும் சமதரைக்கு மாற்றுங்கள்.

சிரசாசனம் (தலையில் நிற்பது), சர்வாங்காசனம் (தோளில் நிற்பது) ஆகியவற்றைப் பல வருடம் செய்து பழகியவர்கள் தொடரலாம். மற்றவர்கள் இந்த 16 வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

உடல் இயல்பாகவே நன்றாக வளைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டத்தில் நாண்கள் சுருள்வில்போல் வேலை செய்கின்றன, கொஞ்சம் விறைப்பு இருந்தால்தான் விசை திரும்பக் கிடைக்கும். போக முடிகிற ஆழத்தில் எண்பது சதவீதத்தோடு நின்றுவிட்டு, அங்கே வலுவாக நிற்பதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

8. பிராணாயாமம்

பிராணாயாமத்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் கூடும் என்ற எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் பலர். ஆரோக்கியமானவர் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97, 98 காட்டும். ஏற்ற இடமே இல்லை. ஓட்டத்தின் எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதயம் எவ்வளவு ரத்தத்தை அனுப்புகிறது என்பதுதான், அது ஓடித்தான் வளர வேண்டும். மூச்சைப் பழக்கினால் பதற்றத்தை இறக்கவும், கடின ஓட்டத்துக்குப் பிறகு சீக்கிரம் அமைதிக்குத் திரும்பவும் வழி கிடைக்கும்.

முதல் இரண்டு வாரம் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகம் வைத்து, மார்பு அசையாமல் புத்தகம் மட்டும் ஏறி இறங்குமாறு ஐந்து நிமிடம். உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசை) வேலை செய்யாமல் தோளைத் தூக்கி மூச்சு வாங்குகிறவர்களுக்கு அடுத்த படிகள் எதுவும் பயன் தராது.

மூன்றாவது வாரம் முதல் ஐந்து விநாடி உள்ளே, ஐந்து விநாடி வெளியே, பத்து நிமிடம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. பழகியபின் நான்கு உள்ளே, ஆறு வெளியே.

நாடி சுத்தி ஒன்பது சுற்று: வலது நாசியை மூடி இடதில் இழுத்து, வலதில் விட்டு, வலதில் இழுத்து, இடதில் விட்டால் ஒரு சுற்று. கும்பகம் (மூச்சைப் பிடித்து நிறுத்துவது) வேண்டாம். தூங்கும் முன் பிராமரி (வண்டுபோல் ரீங்கரித்தபடி மூச்சை விடுவது) ஏழு முறை.

கபாலபாதி விருப்பமிருந்தால் ஓட்டமில்லாத நாள் காலையில், முப்பது வீதம் மூன்று சுற்று. ஓடுவதற்கு முன் செய்தால் கரியமில வாயு அதிகமாக வெளியேறித் தலை சுற்றும், விரல் மரக்கும்.

வெயிலில் ஓடி வந்து சீதளி (நாக்கைக் குழல்போல் மடித்து அதன் வழியே மூச்சை இழுப்பது) செய்தால் நாக்கு குளிரும், உடலின் உள்வெப்பம் இறங்காது. தலையில் தண்ணீரை ஊற்றி, கழுத்தில் ஈரத்துண்டு போட்டுவிட்டுப் பிறகு வேண்டுமானால் சீதளிக்கு உட்காருங்கள்.

9. தியானம்: முதல் வாரத்திலேயே

'முதலில் கிலோமீட்டரை ஏற்றுவோம், மனப்பயிற்சியைக் கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடுவது எல்லோரும் செய்வது. 32-வது கிலோமீட்டரில் தேவைப்படுவது சிதறிய கவனத்தைச் சண்டையில்லாமல் திருப்பிக் கொண்டுவரும் பழக்கம். ஒரு மாதத்தில் அது ஊறாது.

முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம், எட்டாவது வாரம் வரை பத்து, பிறகு பதினைந்து. அதற்கு மேல் கூட்ட வேண்டாம், தூக்கத்திலிருந்து திருட வேண்டியிருக்கும். வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள். எண்ணிக்கை தொலைந்தது தெரிந்ததும் மறுபடி ஒன்று. பத்தைத் தொடாமலே நேரம் முடிந்தாலும் பயிற்சி நடந்திருக்கிறது, தொலைத்ததைக் கண்டுபிடித்த ஒவ்வொரு முறையும் ஒரு தோப்புக்கரணம் போல.

ஓடி வந்த உடனே உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். குளித்துவிட்டு, காபிக்கு முன் உட்காருவது பலருக்குப் பொருந்துகிறது.

நான்காவது வாரத்தில் இன்னொன்றைச் சேருங்கள். உட்கார்ந்திருக்கும்போது எங்காவது அரித்தால், சொறிவதற்கு முன் ஐந்து மூச்சு காத்திருங்கள். உத்கடாசனத்தில் தொடை எரியும்போதும் அப்படியே: எரிச்சல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், கூடுகிறதா நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். அசௌகரியத்துக்கும் எதிர்வினைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருப்பது பிடிபடும்.

10. லாங் ரன்னில் கவனம்

'மூச்சிலேயே கவனமாக மூன்று மணி நேரம்' என்று முயல வேண்டாம். மூச்சையோ கால் அசைவையோ விடாமல் கண்காணித்துக்கொண்டு ஓடினால் அதே வேகத்துக்கு ஆக்ஸிஜன் கூடுதலாகச் செலவாகிறது என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தானாக நடக்கிற வேலையில் நாம் தலையிடுவதால் வரும் செலவு அது.

அதனால் கிலோமீட்டருக்கு ஒரு முறை, இருபது விநாடி மட்டும் உள்ளே பாருங்கள்: தாடை, தோள், விரல்கள், மூச்சு, பாதம். இறுகியிருப்பதைத் தளர்த்துங்கள். பிறகு பார்வையை முப்பது மீட்டர் முன்னால் சாலைக்குத் திருப்பிவிடுங்கள். இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு ஹெட்போன் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

உழைப்பின் வலியையும் காயத்தின் வலியையும் பிரித்தறிவதுதான் இங்கே கற்க வேண்டியது. உழைப்பின் வலி பரவலாக, இரண்டு காலிலும் இருக்கும், வேகத்தைக் குறைத்தால் குறையும். காயம் ஒரு புள்ளியில், ஒரு பக்கம் மட்டும், ஓட ஓடக் கூடும். நடையை மாற்றுகிற வலி எதுவானாலும் அன்றைய ஓட்டம் அங்கே முடிந்தது. புழுக்கத்தில் ஓடும்போது உடல் சிலிர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, தலை குழம்பினாலோ உடனே நின்று நிழலும் தண்ணீரும் தேடுங்கள், உதவி கேளுங்கள். தாங்கிக்கொள்ளத் தியானத்தைப் பயன்படுத்தும் இடங்கள் அல்ல இவை.

கடைசி மணி நேரத்துக்கு எண்ணிக்கை உதவும். மாரத்தானில் நெடுங்காலம் உலக சாதனையை வைத்திருந்த பவுலா ராட்கிளிஃப் நூறு வரை எண்ணுவார், மூன்று நூறு ஏறத்தாழ ஒரு மைல். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அடிக்கு ஒத்துச் சொல்லும் 'அரோகரா'வும் இதே வேலையைத்தான் செய்கிறது. உங்களுக்கு நாவில் ஒட்டும் சொல் எதுவோ அதைப் பத்தாவது வாரத்துக்குள் தேர்ந்தெடுத்து, லாங் ரன்னின் கடைசி மூன்று கிலோமீட்டரில் மட்டும் பயன்படுத்துங்கள். முதல் கிலோமீட்டரிலிருந்தே சொன்னால் தேவைப்படும்போது அது தேய்ந்துபோயிருக்கும்.

எந்த மந்திரமும் மாவுச்சத்துக்கு ஈடாகாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை உள்ளே போகவில்லையென்றால் 32-வது கிலோமீட்டரில் மோதும் சுவர் மனத்தில் இருப்பதல்ல, தசையில் தீர்ந்துபோன கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து).

11. யோக நித்திரையும் தூக்கமும்

மல்லாந்து படுத்து, உடலின் பாகங்களை ஒரே நிலையான வரிசையில் மனத்தால் தொட்டுச் செல்லுங்கள். வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி, வலது பக்கம் முழுக்க, பிறகு இடது, பிறகு முதுகு, முன்பக்கம். வரிசையை மாற்றாதீர்கள். அடுத்தது எது என்று யோசிக்க வேண்டியிருந்தால் மனம் விழித்துக்கொள்ளும்.

இது தூக்கத்துக்குக் கூடுதல், மாற்று அல்ல. மூன்றரைக்கு அலாரம் வைக்கிறவர் எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் விடுவதற்கு முதல் தகுதி ஆசனத்துக்குத்தான்.

12. பதினாறு வாரத்தில் எதை எப்போது கூட்டுவது

1 முதல் 4: லாங் ரன் 12-லிருந்து 18 கி.மீ. வலு யோகாவை 20 நிமிடத்தில் தொடங்கி வாரம் பத்து நிமிடம் மட்டும் கூட்டுங்கள்.

5 முதல் 8: லாங் ரன் 18-லிருந்து 24. வலு யோகா முழு 40 நிமிடம். அக்டோபர், நவம்பர் மழையில் ஓட முடியாத நாளை யோகாவால் நிரப்பத் தோன்றும். விட்ட ஓட்டத்துக்கு ஒரு மணி நேர யோகா ஈடாகாது, அடுத்த நாளைக் கனக்கவும் செய்யும். அன்று பிராணாயாமத்தோடு விட்டுவிடுங்கள்.

9 முதல் 13: லாங் ரன் 26-லிருந்து 32. வலு யோகாவை 25 நிமிடமாகக் குறையுங்கள். ஓட்டம் ஏறும்போது இது இறங்கியே ஆக வேண்டும். 4, 8, 12 ஆகிய வாரங்களில் இரண்டையுமே மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

14 முதல் 16: ஓட்டம் இறங்கும். மிஞ்சும் நேரத்தையும் சக்தியையும் புதிய ஆசனங்களில் கொட்டிக் கடைசி வாரம் அடிபடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. 13-வது வாரத்துக்குப் பிறகு புதிதாக எதுவும் கூடாது. பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பே வலு யோகா நிறுத்தம்.

காலை நாடித்துடிப்பு அடிப்படை எண்ணைவிட ஐந்து, ஆறு கூடுதலாக மூன்று நாள் நின்று, தூக்கமும் கெட்டிருந்தால், அந்த வாரச் செவ்வாய் மாலை வகுப்பு முதலில் போகட்டும், அப்புறம் இன்டர்வல்.

13. பந்தய நாள்

விடிவதற்கு முன்பே தொடங்கும் பந்தயம் என்பதால் தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன் எழ வேண்டும். சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய்வந்து, ஐந்து நிமிடம் உட்காருங்கள், நாடி சுத்தி ஆறு சுற்று. மூன்றாம் பகுதியில் சொன்ன நின்றபடி வார்ம் அப்பை அப்படியே செய்யுங்கள். கூட்டத்தில் நிற்கும்போது வெளிமூச்சை நீட்டிப் பத்து மூச்சு.

முதல் ஐந்து கிலோமீட்டர் மூக்கு பிரேக். 30 வரை கிலோமீட்டருக்கு ஒரு முறை உடல் சோதனை. 32-க்கு மேல் அடுத்த தண்ணீர் மேசை வரை மட்டும் யோசியுங்கள், உங்கள் சொல்லை அங்கே எடுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் நின்றுவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம். மயக்கம் வருவது போலிருந்தால் அப்படியே படுத்துக் காலை உயர்த்துங்கள். இல்லையென்றால் உப்புள்ளதாக ஏதாவது சாப்பிட்டு, குடித்து, ஒரு மணி நேரம் கழித்துச் சுவரில் கால் பத்து நிமிடம். மூன்று நாள் எந்த நீட்சியும் வேண்டாம். நான்காம் நாள் சேதுபந்தாசனம் ஐந்து முறை, காலை நீட்டாமல்.